சவிரியானின் இரண்டு தண்டனைகள்

சவிரியான் குற்றவாளிக் கூண்டுக்குள் ஏறினான். இடுப்புச் சாரத்தை இழுத்துச் சரிசெய்தான். நீதவானை ஒருமுறை பார்த்தான். பிறகு முழங்காலில் நின்றான்.

கூண்டின் மரச்சட்டம் இடுப்பளவு உயரம். முழங்காலில் நின்றவுடன் அவனுடைய தலை மட்டும்தான் வெளியே தெரிந்தது. அந்தக் கூண்டுக்குள் மயங்கி விழுந்தவர்களைக் கண்டிருக்கிறேன், நீதவானைப் பார்த்துச் சிரித்தவனைக் கண்டிருக்கிறேன். முழங்காலில் நின்றவனை அன்றைக்குத்தான் கண்டேன். பொலிஸ் சார்ஜன் ஓடிப்போய்க் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கிவிட்டார். எழும்பினான். சார்ஜன் கையை எடுத்ததும் திரும்பவும் முழங்காலில் நின்றான்.

எனக்கு அப்போதே எரிச்சல் தொடங்கிவிட்டது. காலையிலிருந்து பன்னிரண்டு வழக்குக் கூப்பிட்டு, பதினொன்றுக்குத் தவணை போட்டாயிற்று. சோளகக் காற்று யன்னலால் மணலை அள்ளிக்கொண்டுவந்து என் மைக்கூட்டுக்குள் போட்டுக்கொண்டிருந்தது. வெளியே மதில் நிழலில் கழுதை ஒன்று நின்று, ஒவ்வொரு சாட்சியும் வாயைத் திறக்கும் நேரம் பார்த்துக் கத்தியது. பசி வேறு.

அந்த எரிச்சலைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதப்போகிறேன். போன வாரம் வவுனியாவிலிருந்து ஒரு வாசகர், நான் எல்லாரையும் குறைசொல்கிறேன், என்னைப் பற்றி மட்டும் ஒரு குறையும் எழுதுவதில்லை என்று கடிதம் போட்டிருந்தார். அவர் இதை வாசிக்கட்டும்.

நான் என்ன வேலை பார்த்தேன்

மன்னார் நீதிமன்றத்தில் நான் முதலியார். இளம் ஆட்கள் இதைச் சாதிப் பெயர் என்று நினைக்கிறார்கள். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளருக்கு அப்போது அதுதான் பெயர். நீதவான் தென்பகுதிக்காரர், தமிழ் விளங்காது. வழக்கேடு இங்கிலீசில் எழுதப்படும். குற்றவாளியும் சாட்சியும் தமிழில் சொல்வதை நான் இங்கிலீசில் சொல்லவேண்டும், ஐயா இங்கிலீசில் சொல்வதைத் தமிழில் சொல்லவேண்டும். சாட்சிகளுக்குச் சத்தியம் சொல்லிக்கொடுப்பதும் என் வேலை. ஒரு நாளைக்கு இருபது தடவையாவது சொல்லிக்கொடுப்பேன்.

உப்புக்குளத்தில் அறையெடுத்து இருந்தேன். கடைத்தெருவில் நடந்தால் நாலு பேர் எழும்பி நிற்பார்கள். நீதவானின் வாய்க்கும் ஊரின் காதுக்கும் இடையில் நான் ஒருவன்தான் நிற்கிறேன் என்ற தலைக்கனம் எனக்கு நிறைய இருந்தது. நான் சொல்லாமல் ஒரு தண்டனையும் இந்த மன்னார்த் தீவில் இறங்காது என்றுகூட ஒருமுறை பகிடியாகச் சொல்லியிருக்கிறேன்.

பாட்டுச் சண்டை

தீவின் வடகரையில் சவிரியானின் ஊர். பேரப்பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள், ஊர்ப்பெயர் வேண்டாம்.

அங்கே கரைவலைத் தொழில். வள்ளத்தில் கொண்டுபோய்க் கடலில் வளைத்துப் போட்ட வலையை, கரையில் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று கயிற்றில் இழுத்து ஏற்றுவார்கள். இழுத்தவனுக்கு மீனில் பங்கு. இழுக்காதவன் வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியாது. எந்தத் துண்டுக் கரையில் எந்த வலை எப்போது வளைப்பது என்று ஒரு முறை இருக்கும். அந்த முறைக்குப் பெயர் பாடு.

ஒருநாள் விடியப்புறம் பாடு யாருடையது என்று இரண்டு வலைக்காரருக்கும் வாய்த்தர்க்கம் வந்தது. சவிரியான் ஒரு வலையின் ஆள். அவனுடைய மச்சான் அந்தோனிமுத்து, அதாவது பெண்சாதியின் தமையன், மற்ற வலையின் ஆள். வாய் முற்றிப்போய், சவிரியான் வள்ளத்துச் சவளை எடுத்து மச்சானுக்கு அடித்துவிட்டான். சவள் என்றால் ஆளை விட நீளமான துடுப்பு. அந்தோனிமுத்துவின் வலது கை முறிந்தது.

அந்த ஞாயிறு பூசை முடிந்த கையோடு பங்குச் சுவாமியும் கோயில் மூப்பரும் இரண்டு பேரையும் இருத்தி வைத்துத் தீர்த்தார்கள். சவிரியானுக்கு இரண்டு கட்டளை. அந்த வருசத் திருநாளுக்குச் சுருவக்கூடு தூக்கக் கூடாது. அதாவது புனிதரின் சுருவம் வைத்த கூட்டுக்கு அவன் தோள் கொடுக்கக் கூடாது. அது மானத்துக்கு விழுந்த அடி. மற்றது வயிற்றுக்கானது. காலையில் தன் வீட்டுக்கு ஒரு வலை இழுத்த பிறகு, பின்னேரம் மச்சானின் வலையில் போய், மச்சானின் இடத்தில் நின்று இழுக்க வேண்டும். அந்தப் பங்கு அப்படியே அந்தோனிமுத்து வீட்டுக்குப் போகவேண்டும். எத்தனை நாளைக்கு? அந்தோனிமுத்து தன் கையால் திரும்பவும் கயிற்றைப் பிடிக்கும்வரை.

சவிரியான் ஒரு நாள் தவறாமல் இழுத்தான். அந்தோனிமுத்துவின் மூத்த பெட்டை பிலோமினாவுக்கு அவன் ஞானத்தகப்பன், ஞானஸ்நானத் தொட்டியடியில் அவளைக் கையில் ஏந்தி நின்றவன். பிலோமினா வகுப்பில் முதலாம் பிள்ளை. அவளுடைய பள்ளிக்கூடம் நிற்காமல் இருந்ததே அந்தப் பின்னேர இழுவையால்தான்.

ஆனால் கை முறிந்தவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் ஆஸ்பத்திரி பொலிசுக்கு அறிவிக்கும். பொலிஸ் வழக்குப் போடும். அப்படித்தான் நடந்தது. எலும்பு முறிந்தால் அது பாரதூரமான காயம், ஊர் சமாதானமாகித் தீர்க்க இயலாது. சுவாமி தீர்த்துவைத்தார் என்று வெளியே தெரிந்தால் சுவாமிக்கு வில்லங்கம் என்று யாரோ பயம் காட்டியிருக்கிறார்கள். அதனால் ஊரே வாயைக் கட்டிக்கொண்டது. சவிரியானுக்காக வழக்குப் பேசிய பிறக்கிராசியாருக்குக்கூட இந்தப் பின்னேர இழுவை தெரியாது.

எனக்கும் தெரியாது. இதெல்லாம் பிறகு அறிந்தது.

ஐயாவின் ஐந்து விரல்கள்

தண்டனை என்றால் மறியல், அதாவது சிறைதான் என்று சனம் நினைக்கிறது. எங்கள் கடையில் எத்தனையோ சாமான் இருந்தது. குற்றப்பணம். சாதாரணச் சிறை. கல்லுடைக்கிற கடூழியச் சிறை. நல்லபடி நடப்பேன் என்று கையொப்பம் வைத்துவிட்டு வீட்டுக்குப் போகிற நன்னடத்தைப் பிணை. ஒரு காலத்தில் கசையடியும் இருந்தது. அதைக் கண்ணால் கண்ட ஒரு வயதான சிறைக் காவலர், அடித்தவன்தான் பிறகு இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று எனக்குச் சொன்னார்.

எனக்குப் பிடித்தது கோடு, அதாவது நீதிமன்றம், கலையும்வரை மறியல். ஐயா எழும்பும்வரை நீதிமன்ற வாங்குப் பலகையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். தாராபுரத்து வியாபாரி ஒருவருக்கு அது விழுந்தது. மனிசன் வாங்கில் சாய்ந்து நல்ல நித்திரை. கோடு கலைந்து, கதவு பூட்டும் நேரம் நான் தட்டி எழுப்பினால், வீட்டில் இப்படி ஒரு நித்திரை கிடைப்பதில்லை என்று நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அந்த நேரத்தில்தான் புதிதாக ஒன்று வந்திருந்தது, ஒத்திவைத்த சிறை. மறியல் எழுதப்படும், ஆனால் ஆள் வீட்டுக்குப் போகலாம். சொன்ன வருசங்களுக்குள் இன்னொரு குற்றம் செய்தால்தான் உள்ளே போகவேண்டும். எங்கள் ஐயாவுக்கு அதில் நல்ல விருப்பம்.

ஐயா கெட்ட மனிசர் இல்லை. தண்டனை ஏன் கொடுக்கிறோம் என்று தேத்தண்ணி நேரத்தில் எனக்கு விரல் மடித்துப் பாடம் எடுப்பார். செய்ததற்குக் கூலி, அது ஒன்று. மற்றவன் பயப்பட வேண்டும், அது இரண்டு. செய்தவன் திருந்த வேண்டும். திருந்தாதவனிடமிருந்து ஊரைக் காக்க வேண்டும். ஐந்தாவதாகச் சின்னவிரலை மடித்து, அடிபட்டவனுக்கு ஈடு கிடைக்க வேண்டும் என்பார். அதற்குத்தான் சட்டத்தில் சரியான வழி இல்லை என்று அலுத்துக்கொள்வார். சின்னவிரலை மடித்தபடியே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பார்.

அதே நேரம் பத்துப் பன்னிரண்டு மைல் தள்ளி ஒருவன் பின்னேர வெயிலில் அந்த ஐந்தாவது விரலை இழுத்துக்கொண்டிருந்தான். எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

ஐயாவின் குணம் எனக்கு அத்துபடி. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தால் ஒத்திவைப்பு. பேனாவை மூடினால் மறியல்.

ஒத்துக்கொள் என்றால்

சவிரியானுக்குப் பிறக்கிராசியார் சொன்ன புத்திமதி சரியானதுதான். முதல் குற்றம், குற்றத்தை ஒத்துக்கொள், தண்டனை குறையும், மற்றதை நான் பேசுகிறேன் என்றிருக்கிறார்.

சவிரியான் வாழ்க்கையில் கோட்டுப் படி ஏறினது அந்த வழக்குக்குத்தான். குற்றத்தை ஒத்துக்கொண்டால் தண்டனை குறைகிற இடம் அவனுக்கு ஒன்றே ஒன்றுதான் தெரியும். அது கோயிலில் சுவாமியிடம் பாவம் சொல்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டி. அங்கே முழங்காலில் நிற்க வேண்டும். அங்கே ஒரு பாவத்தை மட்டும் சொல்லி மற்றதை மறைத்தால் சொன்னதும் செல்லாது, அது இன்னும் பெரிய பாவம். சின்னப் பிள்ளையிலிருந்து அவனுக்குப் படிப்பித்தது அதுதான். ஆகவே ஒரு வாரமாக ஆத்தும சோதனை செய்து, விரல்விட்டு எண்ணி, பெண்சாதியிடமும் கேட்டு, அவள் இரண்டு மூன்றை ஞாபகப்படுத்திவிட, ஆயத்தமாக வந்திருந்தான்.

குற்றவாளியா, குற்றமில்லாத சுற்றவாளியா என்று கேட்டேன். குற்றவாளி என்றான். பிறக்கிராசியார் எழும்பி முதல் குற்றம், குடும்பஸ்தன் என்று பேசினார். ஐயாவின் கை கண்ணாடிக்குப் போனது. கழற்றி மேசையில் வைத்துவிட்டார். வழக்கு முடிந்தது, சாப்பிடப் போகலாம் என்று நினைத்தேன்.

முறைக்கு ஒரு கேள்வி இருக்கிறது. தண்டனைக்கு முன்னர் ஏதாவது சொல்ல இருக்கிறதா? நான் அதைத் தமிழில் கேட்டேன்.

சவிரியான் நெற்றியில் சிலுவை போட்டான்.

"சுவாமி," என்று நீதவானைக் கூப்பிட்டான். "இது மட்டுமில்லை."

பிறக்கிராசியார் திரும்பிப் பார்த்தார். சவிரியான் கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினான். முந்தி மறிச்சுக்கட்டிப் பக்கம் மீன்வாடியில் தங்கியிருந்தபோது ஒருவனுக்குப் போத்தலால் அடித்தது. மூன்று தரம் வெடி போட்டு மீன் பிடித்தது. அக்கரையிலிருந்து கள்ளமாக வந்த சாரக்கட்டுகளை இறக்கிக்கொடுத்தது. அயலவனின் வலையில் ஈயக்குண்டு கழற்றியது. வெறியில் தாயைத் தள்ளிவிட்டது.

நான் ஒவ்வொன்றையும் மொழிபெயர்த்தேன். ஒரு சொல் விடவில்லை. வெடி என்பதற்கு என்ன வெடி என்று கேட்டு விளக்கமாகவே சொன்னேன். மூன்று தரம் என்றதை மூன்று தரம் என்றேன். சார்ஜன் கொப்பி எடுத்துக் குறிக்கத் தொடங்கிவிட்டார். பிறக்கிராசியார் கதிரையில் இருந்து, கோப்பால் முகத்தை மறைத்துக்கொண்டார். இந்த மடையனுக்கு யார் இதைக் கேட்டார்கள் என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவனை இரண்டு அறை அறைந்து வாயை மூடு என்று சொல்லவேண்டும்போல் இருந்தது.

ஐயா கண்ணாடியை எடுத்துத் திரும்பவும் போட்டுக்கொண்டார்.

அவனோ நிறுத்துகிற ஆளாக இல்லை. பாவங்கள் முடிந்தபிறகு வேறு ஒரு நீட்டுக் கதை வந்தது. கோப்புக்குள் முகத்தை வைத்திருந்த பிறக்கிராசியார் அதற்குக் காதுகொடுக்கவில்லை. மச்சான், பாடு, பின்னேர இழுவை, கயிறு, ஞானமகள் பள்ளிக்கூடம், மூப்பர், தன்னை உள்ளே போட்டால் அந்த வீட்டுக்கு ஆளில்லை என்று அழுதபடி சொன்னான். ஊர் சொல்லாதே என்றதைக்கூடச் சொல்லிவிட்டான். மறைத்தால் செல்லாதே.

எனக்கு அது வழக்கமான அழுகையாகப் பட்டது. தண்டனைக்கு முன்னர் எல்லாரும் பெண்சாதி பிள்ளை என்று அழுவார்கள். மணி ஒன்றரை. கழுதை கத்தியது. ஐயா என்னைப் பார்த்து, என்ன சொல்கிறான் என்று கேட்டார்.

அவன் இரக்கம் கேட்கிறான், என்று இங்கிலீசில் சொன்னேன்.

ஐயா பேனாவை மூடினார். ஆறு மாதம் கடூழியச் சிறை, ஒத்திவைப்பு இல்லை. வழக்கில் இல்லாத குற்றங்களைத் தான் கணக்கில் எடுக்கவில்லை என்று வழக்கேட்டில் ஒரு வரி எழுதினார். காதுக்குள் போனதை மனிசன் எப்படி வெளியே எடுப்பது?

நான் தண்டனையைத் தமிழில் சொன்னேன். சவிரியானுக்கு முதலில் விளங்கவில்லை. அவன் செபம் சொல்லச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்திருப்பான். சார்ஜன் வந்து கையைப் பிடித்தார்.

நீளம் தெரிந்தவர்

அடுத்த நாள் காலை நான் நீதிமன்றக் கந்தோர் திறக்கமுதலே ஒருவர் விறாந்தையில் நின்றார். வலது கை பழஞ்சாரத் துண்டில் தொங்கியது. முறிவு வைத்தியர் கட்டினது கோணலாகிப் போய், ஆஸ்பத்திரியில் திரும்பவும் முறித்துக் கட்டியிருந்தார்கள். அந்தோனிமுத்து.

முதல் நாள் முழுக்க அவர் யன்னலுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறார். சவிரியான் குற்றத்தை ஒத்துக்கொண்டபடியால் சாட்சிக்கு அவரைக் கூப்பிடவில்லை. சத்தம் போடவில்லை. மரியாதையாகத்தான் கேட்டார்.

"முதலியார் ஐயா, அவன் எனக்காண்டி இழுக்கிற கதையை நீங்கள் நீதவான் ஐயாவுக்குச் சொன்னனீங்களோ?"

அவன் சொன்னதையெல்லாம் சொன்னேன் என்றேன். என் வாய் தானாகச் சொன்னது.

"அவன் பாவம் சொல்லேக்க அவன் சொன்ன அளவு நீங்களும் சொன்னனீங்கள். எங்கட வீட்டுக் கதையை அவன் எவ்வளவு நேரம் சொன்னவன், நீங்கள் ஒரு வாயில முடிச்சுப்போட்டியள். எனக்கு இங்கிலீசு தெரியாதையா. நீளம் தெரியும்."

நான் கோபப்பட்டேன். அதை இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது. மொழிபெயர்ப்பு என்றால் என்ன தெரியுமா, தமிழில் நீளமாக இருப்பது இங்கிலீசில் சுருக்கமாக வரும், படிக்காத ஆட்கள் இதெல்லாம் கதைக்கக் கூடாது என்று பெரிய விளக்கம் கொடுத்தேன். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு நின்றார்.

"கையை முறிச்சவன் அவன்," என்றார் கடைசியில். "ஆனா எங்களுக்குச் சோறு போட்டவனும் அவன்தானே ஐயா. அவனை உள்ளுக்குப் போட்டு ஆருக்கு என்ன வந்தது?"

ஐயாவின் அறை பத்து எட்டு வைக்கிற தூரம். நான் போய், நேற்று ஒரு பகுதியை விட்டுவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். மேன்முறையீட்டுக்கு நாள் இருந்தது, பிறக்கிராசியாரிடம் சொல்லியிருக்கலாம். சின்னவிரலை மடித்துப் பார்த்துக்கொண்டிருந்த மனிசர் அந்தக் கதையைக் கேட்டால் கதிரையை விட்டு எழும்பியிருப்பார். எனக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்தபடியால்தான் பயந்தேன். முதலியார் பிழை விட்டார் என்று வழக்கேட்டில் ஏறிவிடும், கடைத்தெருவில் நாலு பேர் எழும்பி நிற்க மாட்டார்கள். அவ்வளவுக்காகத்தான் நான் அந்தப் பத்து எட்டும் நடக்கவில்லை.

ஊரில் மற்ற ஆண்கள் முறைவைத்து அந்தோனிமுத்துவின் இடத்தில் கொஞ்சநாள் இழுத்திருக்கிறார்கள். பிறகு அவரவர் வீட்டுப் பாடு பெரிதாகிவிட்டது. மூன்றாம் மாதம் பிலோமினா பள்ளிக்கூடத்தை விட்டுக் கருவாட்டு வாடிக்கு மீன் காயப்போடப் போனாள். திரும்பிப் போகவே இல்லை.

தண்டனையின் நோக்கம் ஐந்து என்று விரல் மடித்தார் ஐயா. அந்த ஆறு மாதத்தில் எது நிறைவேறியது என்று நானும் எத்தனையோ தரம் விரல் மடித்துப் பார்த்துவிட்டேன். சவிரியான் திருந்தினானா? அவன் மறியலுக்குப் போகமுதலே திருந்திவிட்டான். ஊர் பயந்ததா? ஓம், நன்றாகப் பயந்தது. இனிக் கோட்டில் உண்மை சொல்லக் கூடாது என்று படித்துக்கொண்டது. அதன்பிறகு அந்தக் கரையிலிருந்து வந்த ஒருவனும், ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று நான் கேட்டால் வாயைத் திறந்ததில்லை.

அவன் திரும்பி வந்தபோது

நன்னடத்தைக்குக் கழிவு கிடைத்து, ஐந்து மாதத்துக்குள் சவிரியான் வெளியே வந்துவிட்டான். வீட்டுக்குப் போகிற வழியில் நேரே கோட்டடிக்கு வந்தான். நான் விறாந்தையில் நின்றேன். அவனைக் கண்டதும் உள்ளே போய்விடலாமா என்று பார்த்தேன். என்னைக் கண்டுவிட்டான்.

மெலிந்திருந்தான். கல்லுடைத்த கை தடித்துப் போயிருந்தது. ஏசப்போகிறான் என்று நினைத்தேன். ஏசினால் நல்லது என்றும் நினைத்தேன்.

"ஐயா, ஒரு விசயம் கேக்க வந்தனான்," என்றான். "அண்டைக்கு நான் சொன்னது முழுக்க நீதவான் ஐயாவுக்குச் சொன்னனீங்கள்தானே? ஒண்டும் விடுபடேல்லையே?"

மறியலுக்குள் அவனை அரித்துக்கொண்டிருந்தது அதுதானாம். ஒன்று விடுபட்டிருந்தாலும் எல்லாம் வீண், இருந்த மறியலும் வீண் என்று பயந்திருக்கிறான்.

"ஓம்," என்றேன். "ஒன்றும் விடேல்லை."

அவனுடைய முகம் தெளிந்ததை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். சிலுவை போட்டுக்கொண்டான்.

"அப்ப கோட்டுக்கு முடிஞ்சுது. மச்சானுக்குத்தான் இன்னும் கிடக்கு. அஞ்சு மாசம் இழுக்காமல் விட்டுட்டன், அதையும் சேத்து இழுக்கவேணும்."

அந்தோனிமுத்துவின் கை கடைசிவரைக்கும் கயிறு பிடிக்கிற நிலைக்கு வரவில்லை. யுத்தத்தால் சனம் இடம்பெயரும்வரை சவிரியான் அவருக்கு இழுத்தான் என்று பிற்காலத்தில் கேள்விப்பட்டேன்.

அன்றைக்கு அவன் என்னிடம் விடைபெற்றுக்கொண்டு பஸ்நிலையப் பக்கம் வேகமாக நடந்தான். பின்னேர வலைக்கு நேரமாகிவிடும் என்றான். உள்ளே அடுத்த வழக்குக் கூப்பிட்டார்கள். நான் சால்வையைச் சரிசெய்துகொண்டு போய், கூண்டில் நின்ற சாட்சியைக் கையை உயர்த்தச் சொல்லி, ஒன்றையும் மறைக்காமல் முழு உண்மையையும் சொல்வேன் என்று சத்தியம் சொல்லிக்கொடுத்தேன்.